கூடுவாஞ்சேரி வரைக்கும் பின்னாலயே வர்றவன்: இன்னிக்கே செய்ய வேண்டியது

தங்கச்சி, மூணு வாரமா ஒருத்தன் கிண்டியில உங்ககூடவே ரயில் ஏறி, நம்பர் கேட்டு, கூடுவாஞ்சேரி பைக் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலயே வர்றான், வீட்ல சொன்னா வேலையை விடச் சொல்லிடுவாங்கன்னு எழுதியிருக்கீங்க. உங்க மேல துளியும் தப்பில்ல.

ஒரே ஒரு தடவை, கூட்டம் இருக்கிற பிளாட்பாரத்துலயே, "எனக்கு இஷ்டமில்ல, பின்னால வராதீங்க"ன்னு உரக்கச் சொல்லிடுங்க. ஸ்டாண்டு இருட்டுல வேண்டாம். குற்றங்களுக்குத் தண்டனை சொல்ற சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவுப்படி, விருப்பமில்லைன்னு தெரிஞ்ச பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயற்சி பண்றது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. அந்த வார்த்தைதான் நாளைக்கு உங்க சாட்சி.

எனக்கும் நடந்தது. பல்லாவரத்துல படிக்கட்டுக்குக் கீழ நின்னு, "யாரு நீங்க?"ன்னு கத்தினேன். குரல் நடுங்குச்சு. பூ கட்டிட்டிருந்த அம்மா நூலைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு எழுந்து என் பக்கத்துல வந்து நின்னாங்க. அவன் வந்த வழியே திரும்பிட்டான்.

ரயில்ல இருக்கும்போது ரயில்வே உதவி எண் 139, வெளிய வந்துட்டா அவசர உதவி எண் 112-க்கு போன் பண்ணுங்க. தேதி, நேரம், அவன் ஏறின பெட்டி எல்லாத்தையும் போன்ல குறிச்சு வைங்க. புகாரை எந்த போலீஸ் ஸ்டேஷன்லயும் கொடுக்கலாம். "எங்க எல்லை இல்ல"ன்னு திருப்பி அனுப்பக் கூடாது, எல்லை பார்க்காம பதிவு பண்ற ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடணும்.

வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்கம்மா, அக்காவோ சித்தியோ. இன்னிக்கு ராத்திரி ஸ்டாண்டுக்குத் தனியா போகாதீங்க. இறங்கினதும் இங்க ஒரு வரி போடுங்க, முழிச்சிருப்பேன்.