விக்கிபீடியாவ அப்படியே எழுதிட்டு வர்றாங்க, என்ன பண்ண?

கேள்வி: அக்கா, கடலூர் பக்கத்துல ஒரு அரசு பள்ளியில ஒன்பதாவதுக்கு சோஷியல் எடுக்கறேன். தானே புயல் பத்தி நெட்ல தேடி எழுதிட்டு வாங்கன்னு சொன்னேன், நாற்பது பேரும் ஒரே விக்கிபீடியா பக்கத்த எழுதிட்டு வந்துட்டாங்க. லேப்ல பத்து சிஸ்டம்தான், நெட்டும் இழுக்குது. இதெல்லாம் வேஸ்ட்னு எச்.எம். சொல்றார். விட்டுடலாமா?

பதில்: விடாதீங்கம்மா. பசங்க மேல தப்பு இல்ல, நீங்க கேட்ட கேள்விக்கு ஒரே பக்கத்துல பதில் இருந்துச்சு, எடுத்து எழுதிட்டாங்க. புயல் என்னைக்கு கரைய கடந்துச்சுன்னா 2011 டிசம்பர் 30, பேரு வச்சது யாருன்னா மியான்மர், இது ரெண்டும் அரை நிமிஷத்துல வந்துடும், இதுல தேடறதுக்கு என்ன இருக்கு சொல்லுங்க.

1995ல அமெரிக்காவுல சான் டியாகோவுல பெர்னி டாட்ஜ்னு ஒரு பேராசிரியர் வெப்குவெஸ்ட்னு ஒரு முறைய கொண்டு வந்தார். பக்கங்கள டீச்சரே பொறுக்கி குடுத்துடணும், பசங்க தேடறதுல நேரத்த தொலைக்காம படிச்சத வச்சு ஒரு முடிவுக்கு வரணும், அவ்வளவுதான் விஷயம். நம்ம ஊருக்கு இது ரொம்பவே பொருந்தும், ஏன்னா பொறுக்கின பக்கங்கள முன்னாடியே சேவ் பண்ணி பென்டிரைவ்ல எல்லா சிஸ்டத்துலயும் போட்டுட்டா நெட் இழுத்தா கூட கவலை இல்ல.

கேள்விய இப்படி மாத்திப் பாருங்க: பண்ருட்டி பக்கம் புயல்ல முந்திரியும் பலாவும் சாஞ்சு போன ஒரு குடும்பம், திரும்ப அதே மரத்த வச்சிருக்கணுமா, இல்ல வேற பயிருக்கு போயிருக்கணுமா? இதுக்கு எந்தப் பக்கத்துலயும் ரெடிமேடா பதில் கிடையாது. நாலு பேர் ஒரு சிஸ்டம்னு உக்கார வைங்க, ஒருத்தர் வானிலை அறிக்கை, ஒருத்தர் அந்த வாரத்து செய்தி, ஒருத்தர் கூகுள் எர்த்ல பழைய வருஷத்து படம், ஒருத்தர் மரத்தோட கணக்கு. விதை போட்டு வச்ச பலா காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும்னு தெரிய வரும்போதுதான் அந்தக் குடும்பம் அதுவரைக்கும் என்ன சாப்பிட்டிருக்கும்னு பசங்களுக்கே தோணும், அந்த இடத்துல நீங்க ஒண்ணும் சொல்லாம சும்மா இருங்க, அவங்களே பேசட்டும்.

முதல் நாள் செய்தியில சேதத்துக்கு ஒரு எண்ணிக்கை இருக்கும், ஒரு வாரம் கழிச்சு வந்ததுல வேற இருக்கும். டீச்சர், எது சரின்னு பசங்க உங்க கிட்ட ஓடி வருவாங்க. பதில் சொல்லிடாதீங்க. கரண்ட் இல்ல, ரோடெல்லாம் மரம், அன்னைக்கு ஊர் ஊரா போய் யாரு எண்ணியிருக்க முடியும்னு திருப்பி கேளுங்க. எழுதினது யாரு, என்னைக்கு எழுதினதுன்னு நோட்டுல குறிச்சுக்கிட்டாதான் மார்க்னு சொல்லிடுங்க, ஏஐ கிட்ட கேட்டு எழுதினாலும் அப்ப மாட்டிக்கும்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப முக்கியம். வீட்ல நல்ல போன் இருக்கற பையன் மவுஸ பிடிச்சான்னா விடவே மாட்டான், மத்த மூணு பேரும் வேடிக்கைதான். அதனால குழுவுல யாருக்கு கம்ப்யூட்டர் கம்மியா தெரியுமோ அந்தப் புள்ள கையில மவுஸ குடுங்க, மத்தவங்க வாயால சொல்லட்டும். மெதுவாத்தான் போகும், பரவால்ல.

அப்புறம், அந்தப் பசங்க தானே புயல் அடிச்சப்ப ஒண்ணு பொறந்திருக்க மாட்டாங்க, இல்லன்னா கைக்குழந்தை. ஆனா அவங்க ஆயாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், ஓடு பறந்தது, நாள் கணக்கா இருட்டுல கெடந்தது எல்லாம். நெட்ல படிச்சதையும் ஆயா சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல எழுத சொல்லுங்க. எச்.எம். கிட்ட அந்த நோட்ட காட்டுங்க, வேற எதுவும் பேச வேணாம். எல்லா செக்‌ஷனுக்கும் இப்பவே வேணாம், ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும், மூணு பீரியட் போதும். ஆயா கிட்ட எடுக்கற பேட்டிய அரையாண்டு லீவுக்கு வச்சுக்கோங்க, அது சரியா டிசம்பர் கடைசியில வருது, அந்த நேரத்துல நம்ம ஊர்ல கேக்காமலே புயல் பேச்ச எடுப்பாங்க.