பம்பருக்கு முன்னால் இரும்பு கார்டு போடலாமா?

கேள்வி: ஹேட்ச்பேக் கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. பார்க்கிங்கில் இரண்டு முறை பம்பரில் கீறல் விழுந்துவிட்டது. முன்னும் பின்னும் இரும்பு கார்டு மாட்டினால் சின்ன மோதலில் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் கடைக்காரர். மாட்டலாமா?

பதில்: வேண்டாம். கீறல் விழாது என்பது உண்மைதான். ஆனால் கீறலைவிடப் பெரிய செலவை அது இழுத்துவிடும்.

வெளியே தெரியும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் மூடி. அதன் பின்னால் ஒரு குறுக்குச் சட்டம், அதன் இரு முனையிலும் நசுங்குவதற்கென்றே செய்த சிறு பெட்டிகள், அதற்கும் பின்னால்தான் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ். 1,000 கிலோ வண்டி 10 கி.மீ. வேகத்தில் மோதி, 10 செ.மீ. நசுங்கி நின்றால் அதன்மேல் விழும் விசை ஏறக்குறைய 4 டன் எடைக்குச் சமம். நசுங்க இடமில்லாமல் 2 செ.மீ.யில் நின்றால் 20 டன். கார்டின் பிராக்கெட்டை நேரே சேசிஸில் போல்ட் போட்டு முடுக்குவதால் நடப்பது இதுதான். கம்பி வளையாது, சேசிஸ் வளையும். பிறகு வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும்.

ஏர்பேக் விஷயம் இன்னும் மோசம். வண்டி எவ்வளவு சடுதியாக வேகம் குறைகிறது என்பதை வைத்துத்தான் அது விரியும். கார்டு அந்தக் கணக்கைக் கலைத்துவிடுவதால் வேண்டிய நேரத்தில் தாமதிக்கலாம், வேண்டாத தட்டலில் விரியலாம். "ஏர்பேக்குக்கு ஒத்துப்போகும் மாடல் சார்" என்று சொல்லித்தான் விற்பார்கள். உங்கள் கார் மாடலில் மோதவைத்துச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். குறைந்தபட்சம் அந்த வாக்கியத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். கார்டோடு சேர்த்து ஃபாக் லேம்ப் மாட்டுகிறேன் என்று ஒயரை வெட்டி முறுக்குபவர்களிடமும் கவனமாக இருங்கள்.

இந்த கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு எதிரானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஆனால் கடையில் பகிரங்கமாகத் தொங்குகிறது. விற்பவரை விட்டுவிட்டு வாங்கியவரைச் சாலையில் மடக்குவது என்ன முறை?

"லாரிக்கு மட்டும் கம்பி இருக்கிறதே" என்று கேட்பார்கள். லாரியின் பின்னால் தாழ்வாக இருக்கும் குறுக்குக் கம்பி வேறு. மோதுகிற கார் அடியில் புகுந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. லாரியைக் காக்க அல்ல, பின்னால் வருபவரைக் காக்க. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், எவ்வளவு விசை தாங்க வேண்டும் என்று விதியே வகுத்துச் சோதிக்கிறார்கள். அது சட்டப்படி கட்டாயம், அதைக் கழற்றுவதுதான் குற்றம். உங்கள் கார் கார்டு நேர் எதிர். முன்னால் நடந்து போகிறவரின் காலையும் இடுப்பையும் இரும்பால் அடிக்கும்.

உங்கள் தேவைக்கு நான்கு மூலையிலும் ரப்பர் பட்டை போதும். இடத்தைத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் அழுத்தி ஒட்டி, ஒரு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள். ரிவர்ஸ் சென்சாரை மறைக்கக் கூடாது.

சிறு கீறலுக்கு இன்ஷூரன்ஸ் கேட்கவும் வேண்டாம். 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் எப்படியும் உங்கள் கையிலிருந்துதான், அதற்குமேல் முதல் வருடம் இழப்பீடு கேட்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் 20 சதவீதத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். தட்டல் சற்றுப் பலமாக இருந்தால் மட்டும் பானெட்டுக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் உள்ளே சட்டம் வளைந்திருக்கலாம், பம்பர் மூடியைக் கழற்றிக் காட்டும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.