பழைய சண்டை கேம்களில் எது சிறந்தது?

சுங்கை சிப்புட் வீட்டுக்குத் தீபாவளி விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள், பழைய சண்டை கேம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூட்டமாக மாறி மாறி ஆடுவதற்கு என்றால் டெக்கன் 3. பிளேஸ்டேஷனில் 1998-இல் வந்தது. நான்கு பட்டன்: இரண்டு கைக்கு, இரண்டு காலுக்கு. கேமையே தொடாத சித்திகூட எடி கோர்டோ என்ற வீரனை எடுத்துக் கால் பட்டன்களைக் கண்டபடி அமுக்கி ஜெயித்துவிடுவார். பழகியவர்களுக்குத்தான் எரிச்சலாக இருக்கும்!

ஆனால் என் ஓட்டு 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்குத்தான். மூன்று குத்து, மூன்று உதை. கீழே, சாய்வாக முன்னே, அப்புறம் முன்னே என்று ஸ்டிக்கை உருட்டிக் குத்தை அமுக்கினால் ரியூ என்ற வீரன் ஹடோக்கன் என்ற ஆற்றல் பந்தை எறிவான். எதிராளி அதைத் தாண்டிக் குதிப்பான். குதித்தவனை இறங்கும் முன்பே ஷொர்யூகன் என்ற எழும்பிக் குத்தும் அடியால் தூக்க வேண்டும். அவன் குதிக்காமல் தடுத்தபடி நின்றால்? கிட்டே போய்ப் பிடித்து எறியலாம். இந்தக் கணக்குக்கு முடிவே இல்லை. அடிமேல் அடியாக விழும் காம்போகூட உருவாக்கியவர்கள் திட்டமிடாமல் வந்ததுதான்.

வாங்கும்போது 1992-இன் சாம்பியன் எடிஷனாகப் பாருங்கள். முதல் பதிப்பில் இரண்டு பேரும் ஒரே ஆளை எடுக்க முடியாது. ரியூ யாருக்கு என்று பிள்ளைகள் நிஜமாகவே அடித்துக்கொள்வார்கள்.