எடைக்கு ஏற்ப ஆன்டிபயாடிக் அளவு மாற வேண்டாமா?

50 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் அதே 500 மில்லிகிராம் அமாக்சிசிலினா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சரிதான். பெரியவர்கள் விழுங்கும் பல ஆன்டிபயாடிக்குகளில் வேலை செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு, அதனால் எடை வித்தியாசம் அவ்வளவாகப் பாதிக்காது.

ஜென்டாமைசின், வான்கோமைசின் ஊசிகள் கதையே வேறு, அளவு தவறினால் சிறுநீரகம் அடி வாங்கும். வான்கோமைசினை வழக்கமாக ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள், 60 கிலோவுக்கு 900 முதல் 1200 வரும். அப்புறம் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையையும் ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்து மாற்றுவார்கள்.

எடை குறைவு என்று நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள், தயவுசெய்து. வைரஸால் வந்த சளிக்கு எந்த அளவும் உதவாது.