சிவப்பு விளக்கில் மட்டும் தட்டும் எஞ்சின்

கேள்வி: ஐயா, என் கார் 1.3 லிட்டர், ஆட்டோ கியர். 2012-இல் வாங்கியது, 168,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக ஜாலான் ஈப்போ சிவப்பு விளக்குகளில் நிற்கும்போது, யாரோ கதவைத் தட்டுவதுபோல் 'டொக் டொக்' என்று சத்தம். நியூட்ரலுக்குத் தள்ளினால் அடங்கிவிடுகிறது. பெட்ரோல்தான் காரணம் என்றார்கள். ரோன் 97 ஊற்றியும் பயனில்லை. ஒரு பட்டறையில் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும், 4,800 வெள்ளி" என்றார்கள். இறக்கலாமா?
- ஆசிரியை, செந்தூல்

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம், டீச்சர். "நியூட்ரலுக்குத் தள்ளினால் அடங்கிவிடுகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைப் பட்டறையில் கேட்டிருந்தால் 4,800 வெள்ளிப் பேச்சே எழுந்திருக்காது.

முதலில் பெட்ரோல். தரம் குறைந்த பெட்ரோலால் எஞ்சின் தட்டுவது உண்மைதான். ஆனால் அது சுமை ஏறும்போது, அதாவது கெந்திங் மலை ஏறும்போது, பெடலை அழுத்தினால் கேட்கும் 'கிண் கிண்' ஓசை. விளக்கில் நிற்கும் எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் கொஞ்சமாகத்தான் போகின்றன. சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. உங்கள் 'டொக் டொக்'கிற்கு ரோன் 97 மருந்தாகாது. பழையபடி 95-க்கே திரும்பிவிடுங்கள்.

அடுத்து பேரிங். பிஸ்டனின் தண்டு எஞ்சினின் சுழல் அச்சோடு சேரும் இடத்தில் இருப்பது கான்ராட் பேரிங். அது தேய்ந்த எஞ்சினுக்கு நியூட்ரலும் ஒன்றுதான், 'டி'யும் ஒன்றுதான். ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி விட்டால் தட்டலும் கூடவே வேகமெடுக்கும். எஞ்சின் சூடேறி ஆயில் இளகிய பிறகு இன்னும் மோசமாகும். உங்கள் கார் அப்படி இல்லையே.

'டி'யில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது என்ன நடக்கிறது? கியர்பெட்டி காரை முன்னே தள்ளப் பார்க்கிறது, பிரேக் விடுவதில்லை. அந்த இழுபறியில் எஞ்சின் ஒரு பக்கமாகச் சற்றே முறுக்கிக்கொள்கிறது. அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தால் இரும்பு இரும்பைத் தொடும். அல்லது புகைக்குழாய் காரின் அடித்தட்டில் இடிக்கும். 2012-ஆம் ஆண்டு ரப்பர், நம் ஊர் வெயில், தினமும் நெரிசல். கிழியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கைபிரேக்கையும் இழுத்துவிடுங்கள். ஓட்டத் தெரிந்த ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை அழுத்தி மிதித்தபடி 'டி', பிறகு 'ஆர்' என்று மாற்றட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு முன்னால் நிற்கவே கூடாது. எஞ்சின் துள்ளி எழுந்து விழுந்தால் மவுண்டிங்தான். மாற்றுவதற்குச் சில நூறு வெள்ளி ஆகலாம். துள்ளவில்லையென்றால், எஞ்சின் ஆறியதும் புகைக்குழாயின் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டை அசைத்துப் பாருங்கள். ஒரு போல்ட் துருப்பிடித்து உதிர்ந்தாலும் அந்தத் தகடு ஊரைக் கூட்டிவிடும்.

இரண்டும் இல்லையென்றால் நான் சூடுபட்ட இடத்துக்கு வருகிறோம். கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டி நடந்த 1998-இல், டாக்சிக்காரர்களுக்கு ஓய்வே இல்லாத நேரம், ஒருவர் ஆட்டோ கியர் டாக்சியைக் கொண்டுவந்தார். இதே தட்டல். பேரிங் என்று முடிவுகட்டி எஞ்சினைப் பிரித்தேன். பேரிங்குகள் கண்ணாடிபோல் இருந்தன. எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் மெல்லிய தகட்டில், ஃபிளெக்ஸ்பிளேட் என்போம், மயிரிழை விரிசல். அது பேரிங்கின் குரலிலேயே பேசும். பட்டறை முதலாளியான என் தவுக்கே ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் கேஸ்கெட் காசைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் நீள ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்கப் பழகினேன். தட்டல் எஞ்சினின் நடுவில் உரக்கக் கேட்கிறதா, கியர்பெட்டி சேரும் முனையில் கேட்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஆகவே ஃபோர்மேனிடம் மூன்றைக் கேளுங்கள்: மவுண்டிங், வெப்பத் தடுப்புத் தகடு, ஃபிளெக்ஸ்பிளேட். அதற்குப் பிறகும் அவர் பேரிங் என்றே சாதித்தால், இன்ஜெக்டர் வயர்களை ஒவ்வொன்றாகச் சில விநாடி கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் போகாத சிலிண்டர் எரியாது. தேய்ந்த பேரிங் அந்த சிலிண்டருடையது என்றால் தட்டல் அப்போதே மெலியும். எந்த வயரைக் கழற்றினாலும் சத்தம் மாறவில்லையென்றால் அவர் சொல்வதை நம்புவது கடினம்.

இதையெல்லாம் விட முன்னால், நாளைக் காலையே ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா? நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் நான் மேலே எழுதியதை மறந்துவிட்டு, அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்து இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி 'கடகட', பிறகு அமைதி. ஆயில் மாற்றிய பிறகுதான் இப்படி. பயப்பட வேண்டுமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பயம் வேண்டாம், ஆயில் ஃபில்டர் மேல் சந்தேகம் வேண்டும். இரவில் ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு பல ஃபில்டர்களுக்குள் உண்டு. மலிவான ஃபில்டரில் அது சரியாக மூடாது. காலையில் ஆயில் மேலே ஏறும்வரை செயினும் வால்வுகளும் வறண்டு ஓடும். கார் தயாரிப்பாளர் சொன்ன ஃபில்டரைப் போட்டு ஒரு வாரம் பாருங்கள். சத்தம் இரண்டு விநாடியிலிருந்து ஐந்தாக நீண்டால் அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டைமிங் செயின் டென்ஷனரைச் சோதிக்க வேண்டும். அப்போது மறுபடி எழுதுங்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடிய கார் என்பதையும் சேர்த்து.