நம்பிக்கையும் கணக்குப் புத்தகமும்

அன்புள்ள ஐயா,

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எங்களுக்குக் கிடைத்துவந்த பெரிய திட்ட நிதி ஒன்று சென்ற ஆண்டோடு முடிந்துவிட்டது. தனிநபர் நன்கொடைகளும் மெலிந்துவிட்டன. சக ஊழியர் இருவர் வேலை இழந்தனர். ஆயினும் எங்கள் தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் "நம்பிக்கையோடு இருப்போம், எல்லாம் சரியாகும்" என்கிறார். எங்களிடம் உதவி பெறுபவர்களுக்கும் அதையே சொல்லப் பணித்திருக்கிறார். அவர் நல்ல மனிதர். ஆனால் அதைச் சொல்லும்போது எனக்கு நாக் கூசுகிறது. இந்த நம்பிக்கை நேர்மையானதுதானா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

நாக் கூசுவது நல்ல அறிகுறி. உங்கள் தலைவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. ஆனால் ஊழியர்களிடமும் கொடையாளர்களிடமும் சொல்லத்தக்க பொதுவான ஓர் ஆறுதலை, அந்தச் சேவையை நம்பித் தன் நாளை வகுத்துக்கொண்டிருப்பவரிடமும் அப்படியே சொன்னால் அது அவருக்குத் தீங்காக முடியக்கூடும். காலையில் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும் உதவியாளர் எந்த மாதம்வரை வருவார் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தானாக அசைந்து அமர முடியாத ஒருவருடைய சக்கர நாற்காலியின் மெத்தை தேய்ந்துபோனால் அழுத்தப்புண் வரும். அது ஆறுவதற்குப் பல மாதங்கள்கூட ஆகலாம். புதிய மெத்தைக்குப் பணமில்லை என்று முன்பே தெரிந்தால் அவர் வேறு வழி தேடுவார். "எல்லாம் சரியாகும்" என்ற சொல் அவரிடமிருந்து பறிப்பது அந்த அவகாசத்தைத்தான்.

ஒரு சிறிய அமைப்பின் நிர்வாகக் குழுவில் சில காலம் நானும் இருந்திருக்கிறேன். யாரும் கலங்கிவிடக் கூடாது என்று எண்ணி, நிதி வற்றிய செய்தியை ஐந்து மாதங்கள் வெளியே விடாமல் வைத்திருந்தோம். கடைசியில் சொன்னபோது, முதுகுத்தண்டில் காயமுற்ற ஒருவர், "அன்றே சொல்லியிருந்தால் என் அக்கா வெளியூர் வேலைக்குப் போயிருக்க மாட்டாள்" என்றார். அந்த ஐந்து மாதக் கூட்டக் குறிப்புகளிலும் என் கையெழுத்து இருக்கிறது.

நிதி ஏன் இப்படித் திடீரென்று வற்றுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. திட்ட நிதி பெரும்பாலும் குறிப்பிட்ட செலவுக்கென்றே கட்டப்பட்டு வருகிறது. அதிலிருந்து வாடகையோ கணக்கர் சம்பளமோ கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதே நல்ல அமைப்புக்கு அடையாளம் என்று கொடையாளர்கள் எண்ணுவதால், இருப்பு நிதி சேர்ப்பதற்கே அமைப்புகள் அஞ்சுகின்றன. புதிய சக்கர நாற்காலியை வழங்கும் விழாவுக்குப் புகைப்படக்காரர் வருவார்; அதன் பழுதடைந்த சக்கரத்தை மாற்றும் நாளில் யாரும் வருவதில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 250 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சக்கர நாற்காலி, செவிக்கருவி போன்ற துணைச்சாதனங்களில் ஒன்றேனும் தேவைப்படுகிறது. ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அவை கிட்டுவதில்லை. இத்தகைய பற்றாக்குறைக்கு நடுவில் உங்கள் அமைப்பு தள்ளாடுவதை உங்கள் தலைவரின் தனிப்பட்ட தோல்வியாக நான் பார்க்கவில்லை. அவரும் அப்படிப் பார்க்காமல் இருந்தால், உண்மையைச் சொல்வது அவருக்கு எளிதாகும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பணம் குறையும்போது இரக்கத்தை விற்கும் ஆசை வரும். அமெரிக்காவில் தசைச்சிதைவு நோய்க்காக நடிகர் ஜெரி லூயிஸ் பல பத்தாண்டுகள் தொலைக்காட்சியில் நடத்திய நிதி திரட்டும் நிகழ்ச்சி பெருந்தொகை ஈட்டியது. ஆனால் 1990களின் தொடக்கத்தில் அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களுள், சிறு வயதில் அதே நிதி திரட்டலுக்காக முன்னிறுத்தப்பட்டவர்களும் இருந்தனர். தங்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டித் திரட்டிய பணம், வேலை தேடிச் செல்லும் இடத்தில் தங்களுக்கு எதிராகவே நிற்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

உங்கள் தலைவர் வைக்கத்தக்க நம்பிக்கை வேறோர் இடத்தில் இருக்கிறது. 1972இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தற்சார்பு வாழ்க்கை மையம் தோன்றியபோது, அதை நடத்தியவர்கள் மாற்றுத்திறனாளிகளே. போலியோவால் பாதிக்கப்பட்டுச் சுவாசக் கருவியின் துணையோடு வாழ்ந்த எட் ராபர்ட்ஸ் அவர்களுள் ஒருவர். எதற்குச் செலவிட வேண்டும் என்பதை அந்தச் செலவால் வாழ்பவர்களே முடிவு செய்தனர். ஐ.நா. பொதுச்சபை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களைக் கலந்தாலோசிக்கும் கடமையை அரசுகளுக்கு விதிக்கிறது. அரசுக்கு விதித்ததை ஒரு தொண்டு நிறுவனம் தானாக ஏற்றுக்கொண்டால் குற்றமில்லை. ஆண்டு விழாவை நிறுத்திவிட்டுப் பழுதுபார்க்கும் பட்டறையைக் காப்பாற்றுங்கள் என்று உங்களிடம் உதவி பெறுபவர்கள் சொல்லலாம். நீங்கள் எதிர்பாராத வேறொன்றையும் சொல்லலாம்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைக்கும்படி தலைவரிடம் கேளுங்கள். புதிய வரவே இல்லாவிட்டாலும் எத்தனை மாதங்கள் தாக்குப்பிடிக்க முடியும், எந்தச் சேவை எந்தத் தேதியில் நிற்கக்கூடும் என்ற இரண்டையும் முதலில் சொல்லச் சொல்லுங்கள். கணக்கறிக்கையை, பார்வையற்றோருக்குத் திரையிலுள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் படிக்கக்கூடிய வடிவில் முன்கூட்டியே அனுப்புங்கள். சைகைமொழிபெயர்ப்பாளருக்கான கட்டணத்தை மட்டும் சிக்கனப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.