கார்பன் வீல் ஸ்டிக்கர்: தின்னர் வேண்டாம், ஹேர் டிரையர் போதும்

கேள்வி: சைக்கிளுக்குப் பழைய கார்பன் வீல் ஜோடி ஒன்று வாங்கினேன், ரிம் பிரேக் வகை. பக்கவாட்டில் பெரிய வெள்ளை எழுத்து ஸ்டிக்கர், ஓரமெல்லாம் உரிந்து நிற்கிறது. எடுத்துவிட்டு முழுக் கறுப்பாக வைத்துக்கொள்ள ஆசை. பெயின்ட் பட்டறை அண்ணன் தின்னர் போடச் சொல்கிறார். வீட்டில் தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார்கள். எதைச் செய்வதுங்க?
வாசகர், காங்கயம்

பதில்: இரண்டும் வேண்டாங்க. ஓரம் உரிகிறது என்றாலே அது கிளியர் கோட்டுக்கு (கார்பன்மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான், தாராளமாக எடுக்கலாம். எல்லா வீலும் அப்படி இருக்காது. எழுத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். விளிம்பு தட்டினால் மேலே ஒட்டியது. வழுவழுவென்று போனால் எழுத்து கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பூச்சு மிக மெல்லியது. தாண்டி இறங்கினால் பாரம் தாங்குகிற கார்பன் இழையே அறுபடும். அப்படிப்பட்ட வீலில் கறுப்பு வினைல் ஒட்டி மறைப்பது எவ்வளவோ மேல்.

உங்களுக்குத் தேவை ஒரு ஹேர் டிரையர். வீலைக் கழற்றி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டுங்கள். கை வைத்தால் பொறுக்கிற சூடு போதும். பசை இளகியதும் ஓரத்தைத் தூக்கி, ஸ்டிக்கரைத் தன்மேலேயே மடித்து, ரிம்மை ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். நேர் மேலாகப் பிடுங்கினால் கிளியர் கோட்டும் சேர்ந்து வரலாம். கிழிந்த துண்டுகளைச் சுரண்டப் பழைய ஏடிஎம் கார்டு நல்லது, பிளேடு கூடவே கூடாது. பட்டறை ஹீட் கன்னும் வேண்டாம். அந்தச் சூட்டை இழைகளைப் பிணைக்கும் எபாக்ஸி பிசின் தாங்காது.

மிச்சப் பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அதேதான். பனியன் வேஸ்ட்டில் வெள்ளைப் பருத்தியாகப் பார்த்து எடுத்து, நனைத்து, சிறிது நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் கிளியர் கோட்டை மங்கடிக்கும். பெயின்ட் ரிமூவர் பிசினையே தின்னும்.

தேங்காய் எண்ணெய் பசையை நன்றாகவே இளக்கும், மறுக்கவில்லை. ஆனால் உங்களுடையது ரிம் பிரேக். பிரேக் கட்டை பிடிக்கிற இடமும் ஸ்டிக்கர் இருக்கிற இடமும் ஒன்றையொன்று ஒட்டித்தான் இருக்கும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் பிரேக் பிடிக்காது. வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும்போது 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதுங்க. டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களும் எந்த ஸ்பிரேயையும் டிஸ்க் பக்கம் அடிக்காதீர்கள். எண்ணெய் குடித்த பேடை மாற்றத்தான் வேண்டிவரும். எல்லாம் முடிந்தபின் பிரேக் பிடிக்கும் வளையத்தைப் புதுத் துணியில் ஆல்கஹால் தொட்டு ஒருமுறை துடைத்து, வீட்டுத் தெருவிலேயே மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதித்துவிடுங்கள்.

எழுத்து இருந்த இடம் நிழல்போலத் தெரியலாம். சுற்றியுள்ள பூச்சு வெயில் பட்டு நிறம் மாறியிருக்கும், அடியில் இருந்தது மாறியிருக்காது. பளபளப்பான ரிம் என்றால் கார் பாலிஷ் லேசாகப் போட்டால் குறையும், பிரேக் வளையத்தில் மட்டும் படக்கூடாது. மேட் ரிம்மில் பாலிஷே வேண்டாம், அங்கே மட்டும் திட்டாக மின்னும்.

கேள்வி: ஸ்டிக்கர் இல்லாத கார்பன் வீல், ஒரிஜினல் கம்பெனிதான் என்று சொல்லி ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். நம்பலாமா?
வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஸ்டிக்கர் இருந்திருந்தாலும் அது சான்று ஆகாது, யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். சீரியல் நம்பரும் முதல் பில்லும் கேளுங்கள். ரிம் விளிம்பையும் கம்பி ஓட்டைகளைச் சுற்றியும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நாணயத்தால் சுற்றிலும் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக வந்தால் வாங்காதீர்கள். சத்தம் சரியாக இருப்பதாலேயே வீல் நல்லது என்றும் முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று. அதிகபட்சக் காற்றழுத்தம் எழுதிய சின்ன லேபிள் இருந்தால் அதை எப்போதும் எடுக்காதீர்கள். ஹூக்லெஸ் ரிம் (டயரைக் கவ்வும் கொக்கி விளிம்பு இல்லாதது) என்றால் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ தான் உச்சம். பழைய பழக்கத்தில் 100 அடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. லேபிள் ஏற்கெனவே போயிருந்தால் மாடல் பெயரை வைத்துக் கம்பெனியின் கையேட்டில் பார்த்த பிறகே காற்றடியுங்கள்.

கேள்வி: கடையில் புதிதாக வாங்கிய வீலில் கிளியர் கோட்டே ஸ்டிக்கரோடு உரிகிறது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.
வாசகர், ஈரோடு

பதில்: இனி கை வைக்காதீர்கள். நீங்கள் ஏதோ ரசாயனம் போட்டதால் வந்தது என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். போட்டோ எடுத்து, பில் நகலோடு கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.